மேட்ச் பார்க்க எல்லோரும் வாங்க... சமைக்கிறவங்களும் வாங்க!



2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நவி மும்பையில் பெண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டி நடந்த ராத்திரி அது. மழையால் 3 மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய ஆட்டம் 5 மணிக்குத்தான் ஆரம்பித்தது. முடியும்போது கிட்டத்தட்ட நடுராத்திரி. நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் ஜெயித்து முதல் முறையாக உலகக் கோப்பையைக் கையில் வாங்கினார்கள்.

நாங்கள் அன்றைக்கு கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தோம். குழுக் கூட்டத்துக்குப் போன இடத்தில், "மேடம், மேட்ச் பார்த்துட்டுப் போங்க" என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். சின்ன முன்னறையில் பதினாறு பேர். பஜ்ஜி வந்துகொண்டே இருந்தது. டீ வந்துகொண்டே இருந்தது. ஷெஃபாலி வர்மா 87 ரன் அடித்து அவுட் ஆனபோது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். அப்போது அடுப்படியிலிருந்து அந்த வீட்டு அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்து, "என்னாச்சு, ஜெயிச்சாச்சா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தோம். நாங்களும் சிரித்தோம். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. பெண்கள் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்க ஒரு பெண் தன் வீட்டைத் திறந்து விட்டார். ஆனால் அவருக்கு மட்டும் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவர் சுட்ட பஜ்ஜியைத் தின்றவர்களில் "பெண்கள் முன்னேற்றம்" என்று மாதம் நாலு கூட்டம் பேசுகிற நாங்களும் இருந்தோம்!

அதனால்தான் இந்த இதழில் இதை எழுதுகிறோம். வீட்டில் பத்து இருபது பேர் கூடி மேட்ச் பார்ப்பது நல்ல விஷயம். அதை எப்படி ஏற்பாடு செய்தால் கூப்பிட்டவரும் உட்கார்ந்து பார்க்கலாம், செலவு ஒருத்தர் தலையில் விழாது, ராத்திரி எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேரலாம் என்று பார்ப்போம்.

கூடிப் பார்ப்பது நமக்குப் புதிதா?

இல்லவே இல்லை. 1987-இல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் ராமாயணம் வந்தபோது லைனுக்கு ஒரு டிவி இருந்தால் பெரிய விஷயம். அந்த வீட்டு ஜன்னலில் கூட பிள்ளைகள் தொங்கிக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கு பாய், பிள்ளைகளுக்கு தரை. 2006-இல் அரசாங்கம் இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்த பிறகு வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது. நல்லதுதான், யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் கதவும் சாத்திக்கொண்டது. இப்போது செல்போன் வந்த பிறகு ஒரே வீட்டில் நாலு பேர் நாலு மூலையில் பார்க்கிறார்கள்.

கூட்டாஞ்சோறும் புதிதில்லை. சின்ன வயதில் ஆளுக்கு ஒரு பிடி அரிசி, ஒருத்தி பருப்பு, ஒருத்தி உப்பு, ஒருத்தி வெங்காயம் என்று கொண்டுவந்து மூணு கல் அடுப்பில் பொங்கித் தின்னோமே, அதேதான். பட்டணத்துக்காரர்கள் இதையே ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்து "பஃபே" என்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நாமே போட்டுக் கொள்கிறோம் அல்லவா, அதுதான் பஃபே. இதில் நமக்கு இருக்கிற பெரிய லாபம், பரிமாற ஒரு ஆள் நிற்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் அந்த ஒரு ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆட்டம் புரியாதவர்களுக்கு

"எனக்கு ஒண்ணும் புரியாது மேடம், நான் சமையலையே பார்க்கிறேன்" என்று சொல்லி அடுப்படிக்குப் போகிறவர்கள் நம்மில் நிறைய. குழுக் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு கிரிக்கெட் கணக்கு வராதா?

ஒரு ஓவருக்கு 6 பந்து. ஒரு பக்கம் 11 பேர், அதில் 10 பேர் அவுட் ஆனால் அந்தப் பக்கம் முடிந்தது. முதலில் ஆடுகிறவர்கள் ஒரு தொகை அடித்து வைப்பார்கள். அடுத்து ஆடுகிறவர்கள் அதைவிட ஒன்று கூட அடிக்க வேண்டும். இதைக் கடன் பாக்கி மாதிரி நினைத்துக் கொள்ளுங்கள். ஓவர்தான் தவணை. இறுதிப் போட்டியில் இந்தியா 298 எடுத்தது. தென்னாப்பிரிக்காவுக்கு 50 தவணையில் 299 கட்ட வேண்டும், அதாவது தவணைக்கு கிட்டத்தட்ட 6. இடையில் சரியாகக் கட்டாமல் விட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும், பதட்டம் வரும், தப்பான பந்தை அடிக்கப் போய் அவுட் ஆவார்கள். அவர்களுடைய கேப்டன் லாரா வோல்வார்ட் 101 ரன் அடித்துக்கூட, மற்றவர்கள் நிற்காததால் 246-இல் முடிந்துவிட்டது. தீப்தி சர்மா 5 விக்கெட் எடுத்தார். குழுவில் ஒருத்தர் மட்டும் ஒழுங்காகக் கட்டினால் கடன் அடைந்துவிடுமா?

இன்னும் சில விஷயம் தெரிந்தால் ஆட்டம் ருசிக்கும். பெண்கள் உலகக் கோப்பை 1973-லேயே தொடங்கிவிட்டது. ஆண்களுக்கு 1975-இல்தான். நம் பெண்கள் 2005-லும் 2017-லும் இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றவர்கள். அந்த 87 ரன் அடித்த ஷெஃபாலி முதலில் அணியிலேயே இல்லை. பிரதிகா ராவலுக்கு அடிபட்டதால் அரையிறுதிக்கு முன்னால் கூப்பிட்டார்கள். 2022 அக்டோபரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்டச் சம்பளம் என்று இந்திய கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. ஒரு நாள் போட்டி ஒன்றுக்கு இருவருக்கும் 6 லட்சம். இதைச் சொன்னதும் ஒரு அம்மா, "அதே இலையைத்தானே நாமளும் பறிக்கிறோம்" என்றார். அந்தப் பேச்சு அன்றைக்கு வெகு நேரம் போனது, இங்கே எழுத இடமில்லை.

பந்தலூர், கூடலூர் பக்கத்து உறுப்பினர்களுக்கு ஒரு சொந்தக்காரப் பெண்ணே இருக்கிறார். மலை இறங்கினால் வயநாடு, அங்கே மானந்தவாடி. குறிச்சியர் பழங்குடியைச் சேர்ந்த மின்னு மணி, கூலி வேலை செய்கிறவர் மகள், வயல்காட்டில் பையன்களோடு ஆடிப் பழகியவர். 2023 ஜூலையில் வங்கதேசத்தில் இந்தியாவுக்காக ஆடினார். உங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளை டிவிக்கு முன்னால் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். "தண்ணி கொண்டா, தட்டை எடு" என்று அவர்களை மட்டும் எழுப்பாதீர்கள். தண்ணீரைப் பையனும் எடுப்பான்.

எந்த ஆட்டம், எந்த நேரம்

முதல் தடவை 20 ஓவர் ஆட்டமாகப் பாருங்கள். மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 50 ஓவர் என்றால் ஒரு நாள் பொழுது போய்விடும், இரண்டு வேளை சாப்பாடு யோசிக்க வேண்டும். மறுநாள் இலை பறிக்கப் போகிறவர்களுக்கு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றில்லை, அதையும் பாருங்கள்.

நாங்கள் இரண்டாவது தடவை ஏற்பாடு செய்தது 2025 டிசம்பர் 28. அதுவும் ஞாயிறு. திருவனந்தபுரத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பெண்கள் 20 ஓவர் ஆட்டம், ராத்திரி 7 மணிக்கு. அந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் நம் கூட்டமைப்பில் எத்தனையோ பேர். அங்கே பிறந்து சின்னப் பிள்ளையாக இங்கே வந்த ஒரு பாட்டி, "ரெண்டு பக்கமும் நம்ம பிள்ளைகதான், யார் ஜெயிச்சாலும் எனக்கு சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, இலங்கைக் கேப்டன் சமரி அத்தபத்து அடிக்க வந்தபோது மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இந்தியாதான் ஜெயித்தது. பாட்டி கை தட்டினார்.

சாப்பாட்டை எப்படிப் பிரிப்பது

முந்தின வாரக் கூட்டத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். "ஏதாவது கொண்டு வாங்க" என்று விட்டால் எட்டுப் பேரும் உருளைக்கிழங்கு பொரியல் கொண்டு வருவார்கள். நம் ஊரில் உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் பஞ்சமா! அதனால் யார் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டாம், தனித் தாள் போதும்.

எங்கள் கணக்கில் 23 பேர். இரண்டு வீடு சேர்ந்து 2 கிலோ அரிசியில் தக்காளி சாதம் கொண்டு வந்தது. ஒரு கிலோ அரிசிக்கு எட்டிலிருந்து பத்துத் தட்டு வரும், வேறு பதார்த்தமும் இருப்பதால் போதும். ஹட்டியிலிருந்து வந்த அக்கா அவரைக் குழம்பும் ராகிக் களியும். இலங்கைக் குடும்பத்துப் பாட்டி வீட்டிலிருந்து தேங்காய் ரொட்டியும் சம்பலும், அது முதல் பத்து ஓவரிலேயே காலி. ஒருத்தர் தயிர் சாதம். ஒரு கிலோ கொண்டைக்கடலையில் சுண்டல்.

சுண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி மேலே வந்தவர்கள், "எவ்வளவு விசில் விட்டாலும் கடலை வேகலை" என்று புலம்புவார்கள். கடலை மேல் தப்பில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். உயரம் போகப் போக காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, 92, 93-லேயே கொதித்துவிடும். கொதிக்கிற மாதிரி தெரியும், ஆனால் சூடு பத்தாது. அதனால் ராத்திரியே நன்றாக ஊற வைத்து, குக்கரில் கீழ்நாட்டைவிட நாலைந்து விசில் கூட விடுங்கள். திறந்த பாத்திரத்தில் வேக வைத்தால் கேஸ்தான் தீரும். இட்லி கொண்டு வருகிறேன் என்று யாராவது சொன்னால், டிசம்பர் குளிரில் மாவு புளிக்க ஒரு நாள் பத்தாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடுப்புத் திட்டில் வைத்து கம்பளி சுற்றினால் உண்டு.

பஜ்ஜி, போண்டா வேண்டாம் என்றே முடிவு செய்தோம். சூடாகச் சாப்பிட வேண்டிய பலகாரம் என்றால் ஒரு ஆள் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். லைன் வீட்டில் பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் காயும் எண்ணெய் ஆபத்தும்கூட. இதற்கு எதிர்ப்பு வந்தது. "பஜ்ஜி இல்லாம மேட்சா?" என்று கேட்டது ஒரு வீட்டுக்காரர். "நீங்க வந்து சுடுறதா இருந்தா வெச்சுக்கலாம்" என்றார் ஊக்குநர். அதற்கப்புறம் பேச்சில்லை. பஜ்ஜிக்குப் பதில் பேக்கரி வர்க்கி அரை கிலோ.

டீக்கு 20 பேருக்கு ஒரு லிட்டர் பால், ஒரு லிட்டர் தண்ணீர், 50 கிராம் தூள். இரண்டு தடவை போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிடுங்கள். அவரவர் ஊற்றிக் குடிக்கட்டும். (நல்ல இலையெல்லாம் நாம் பறித்து எங்கோ போகிறது, நாம் குடிப்பது டஸ்ட் டீதான். இதை ஒரு நாள் தனியாக எழுத வேண்டும்.)

வைக்கிற முறையிலும் ஒரு யோசனை இருக்கிறது. பெஞ்சை டிவி இருக்கிற அறையில் போடாமல் வராந்தாவிலோ அடுப்படி வாசலிலோ போடுங்கள். ஒரு முனையில் தட்டு, அப்புறம் களி, சாதம், குழம்பு, பொரியல், கடைசியில் தயிர் சாதம், ஊறுகாய். தண்ணீர்க் குடம் தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் அங்கேயே கூட்டம் முட்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி. பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை வரும், கால் மணி இருபது நிமிஷம். சாப்பாடு அப்போதுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் நடுவில் யாரும் எழுந்து தலையை மறைக்க மாட்டார்கள். முதலில் பிள்ளைகளும் வயதானவர்களும், அப்புறம் பெண்கள், அப்புறம் ஆண்கள். இந்த வரிசையை நாங்கள் வேண்டுமென்றேதான் வைத்தோம். ஆண்கள் சாப்பிட்ட பிறகு மிச்சம் மீதியைத் தின்றே நமக்குப் பழகிவிட்டது இல்லையா?

சமைத்த சாப்பாட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். குளிர்தானே, கெடாது என்று நினைக்காதீர்கள். கூட்டம் கூடின அறை சூடாகத்தான் இருக்கும். சாதத்தை இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சூடாகக் கொண்டு வந்தால் நல்லது.

தொடாத பாத்திரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தோம். எழுதித்தான் ஆக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பொதுக்கூட்டத்துக்கு எல்லோரும் சாப்பாடு கொண்டு வருவது என்று வைத்தோம். பத்துப் பன்னிரண்டு பாத்திரம். சாப்பாடு முடிந்து பார்த்தால் பதினோரு பாத்திரம் காலி, ஒரு பாத்திரம் கொண்டு வந்தபடியே இருக்கிறது. கீழ் லைனிலிருந்து வந்த ஒரு உறுப்பினர் கொண்டு வந்த புளிசாதம். நல்ல சாதம், மேலே வேர்க்கடலை தூவி வாழை இலையால் மூடி வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் தொடவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அக்கா பேசாமல் மூடியைப் போட்டுத் துணியைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். அடுத்த இரண்டு கூட்டத்துக்கு அவர் வரவில்லை. சேமிப்பை மட்டும் மகளிடம் கொடுத்து அனுப்பினார்.

நாங்கள் அன்றைக்கு என்ன செய்தோம்? வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். கவனிக்கவில்லை என்று சொல்லலாம். கவனித்த பிறகும் என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்தோம் என்பதுதான் உண்மை.

அதனால் இந்தத் தடவை முன்யோசனையோடு போனோம். எங்களுக்குள் இரண்டு கருத்து வந்தது. குழுவுக்கு வாடகைக்கு விடுகிற பாத்திரம் இருக்கிறது, எல்லோர் சாப்பாட்டையும் அதில் மாற்றி வைத்துவிட்டால் எது யார் வீட்டுது என்று தெரியாது, பிரச்சினை வராது என்றார்கள் சிலர். சுலபமான வழிதான். ஆனால் ஊக்குநர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒளிச்சு வெச்சுத் தின்ன வெக்கிறதுல என்ன இருக்கு? அவங்க பாத்திரத்துலயே இருக்கட்டும், பேரைச் சொல்லி நானே முதல்ல போட்டுக்கறேன்" என்றார். அப்படியே செய்தார். இடைவேளை வந்ததும் அவரும் பிரதிநிதியும் எழுந்து, "உங்க தக்காளி சாதம் எனக்கு ஒரு கரண்டி" என்று சத்தமாகச் சொல்லி எடுத்துக் கொண்டார்கள். பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் எடுத்தார்கள். இரண்டு பேர் அந்தப் பாத்திரத்தைத் தாண்டிப் போனதையும் பார்த்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் எழுத மாட்டோம். ஆனால் பாத்திரம் காலியாகத்தான் வீட்டுக்குப் போனது.

சமைத்துக் கொண்டுவர வசதிப்படாதவர்களையும் மறக்கக் கூடாது. கையில் காசில்லாத வாரம் யாருக்கும் வரும். அதனால் வராமல் நின்றுவிடுவார்கள். பாய், ஜமுக்காளம், பெஞ்சு கொண்டு வருவதும், பிள்ளைகளைப் பார்த்துக் கொள்வதும், முடிந்த பிறகு பாத்திரம் கழுவுவதும் அதே தாளில் அதே வரிசையில் ஒரு வேலையாக எழுதப்பட வேண்டும்.

பணம்

குழுப் பணத்தைத் தொடவே கூடாது. சேமிப்பு, சுழல் நிதி, உள்கடன் எதிலும் இருந்து ஒரு ரூபாய் எடுக்க வேண்டாம். தணிக்கையில் பதில் சொல்ல முடியாது. எங்களுக்கு பால், சர்க்கரை, கடலை, வர்க்கி எல்லாம் சேர்த்து 460 ரூபாய் ஆனது. 23 பேர், தலைக்கு 20 ரூபாய். வீட்டுக்காரரிடமும் 20 ரூபாய் வாங்கினோம், அதிகமும் இல்லை குறைவும் இல்லை. டிவிக்கு ரீசார்ஜ் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். டிக்கெட் மாதிரி காசு வாங்கி வெளியாட்களுக்குக் காட்டுவது வேறு, அதற்கு அனுமதியெல்லாம் வேண்டும், அந்த வம்பு நமக்கு வேண்டாம்.

பந்தயம் கட்டுவது கூடவே கூடாது. யார் ஜெயிப்பார் என்று பத்து ரூபாய்க்கு விளையாட்டாகத்தான் ஆரம்பிக்கும். செல்போனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களால் எத்தனை வீட்டில் நகை அடகுக்குப் போனது என்று நம் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தாலே தெரியும். 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டே ஆன்லைன் பண விளையாட்டைத் தடை செய்துவிட்டது. குடித்துவிட்டு வருகிறவருக்கு இடமில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாசலில் வைத்துச் சொன்னால் சண்டை. இதைச் சொல்ல வேண்டியது கூப்பிட்ட வீட்டுப் பெண் மட்டும் என்று விடாமல், குழு எடுத்த முடிவு என்று சொன்னால் அவருக்குச் சங்கடம் இருக்காது.

குளிரும் ராத்திரியும்

டிசம்பர், ஜனவரியில் நம் மலையில் உறைபனி. குளிருக்கு கரி அடுப்பைப் பற்ற வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காருகிற பழக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மூடின அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம், தூக்கம் வருவது மாதிரி இருக்கும், அப்படியே உயிர் போய்விடும். இருபது பேர் உட்கார்ந்தாலே அறை கதகதப்பாகிவிடும். போர்வை கொண்டு வரச் சொல்லுங்கள், ஒரு ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

ராத்திரி பத்தரைக்கு ஆட்டம் முடிந்தால் வீடு போகிற வழியையும் யோசிக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைக்குள் காட்டுமாடு நிற்கும், கரடி வரும், சிறுத்தை நடமாட்டமும் உண்டு. கூடலூர், பந்தலூரில் யானை. அங்கே ராத்திரி ஆட்டமே வேண்டாம், பகல் ஆட்டமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் எங்கள் யோசனை. மற்ற இடங்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும் கூடுவது நல்லது. தள்ளி இருப்பவர்கள் தனியாகப் போகாமல் டார்ச்சோடு கூட்டமாகப் போக வேண்டும், குறுக்கு வழி தேயிலைப் பாதையை விட்டு ரோட்டு வழியாக. நாங்கள் மூன்று பேர் அன்றைக்கு அங்கேயே படுத்துக்கொண்டு காலையில்தான் கிளம்பினோம்.

மிச்சச் சாப்பாட்டை வாசலில் கொட்டாதீர்கள். எண்ணெய் வாசனைக்கும் இனிப்புக்கும் கரடி கதவை உடைத்துக்கொண்டு வருவது நமக்குத் தெரிந்த கதை. மிச்சத்தை அன்றைக்கே பிரித்து எடுத்துப் போய்விட வேண்டும். காய்கறித் தோலை காலையில் குழி தோண்டிப் புதையுங்கள். பேப்பர் கப், பேப்பர் தட்டு சுலபம் என்று தோன்றும். ஆனால் பிளாஸ்டிக் பூசின கப்பும் தட்டும் தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை. அவரவர் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர் கொண்டு வந்தால் கழுவுகிற வேலையும் பிரிந்துவிடும்.

நவம்பரில் பஜ்ஜி சுட்ட அக்கா இந்தத் தடவையும் வந்திருந்தார். அவர் பொறுப்பில் சுண்டல். மத்தியானமே செய்து மூடி வைத்துவிட்டு, ஏழு மணிக்கு முன்னாலேயே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை எழுந்திருக்கவில்லை, இடைவேளையில்கூட மகன்தான் தட்டில் போட்டுக் கொண்டு வந்து கொடுத்தான். பாதி ஆட்டத்தில் அவரே மற்றவர்களுக்கு, "இன்னும் எத்தனை ஓவர் பாக்கி, எவ்வளவு ரன் வேணும்" என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த தடவை யார் வீடு என்று மாதக் கூட்டத்தில் சீட்டுக் குலுக்கி எடுப்பதாக இருக்கிறோம். உங்கள் ஊராட்சிக் குழுக்களில் இப்படிக் கூடினால், என்ன சமைத்தீர்கள், எவ்வளவு செலவானது, எது சரியாக வரவில்லை என்று எழுதி ஊக்குநர் மூலம் அனுப்புங்கள். இதழில் போடுகிறோம். அப்புறம், 28-ஆம் தேதி பாத்திரம் மாறிப் போனவர்கள் கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள். ஒரு நீல மூடியும் இரண்டு கரண்டியும் எங்களிடம் இருக்கிறது.